பால்வெளியின் வெளிக்கரங்களை வரைந்தது எப்படி?

ஆறாம் வகுப்பில் பேரண்டம் பற்றிய பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். சுவரில் பால்வெளி மண்டலத்தின் படம் மாட்டியிருந்தது. நடுவில் மஞ்சள் ஒளி, அதைச் சுற்றி நீல நிறத்தில் சுருள் சுருளாகக் கரங்கள். "நம் சூரியன் இதோ, இந்த இடத்தில் இருக்கிறது" என்று குச்சியால் தொட்டுக் காட்டினேன். முன்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"டீச்சர், நாம இதுக்குள்ளதானே இருக்கோம்? அப்போ இந்த போட்டோவ எங்க நின்னு எடுத்தாங்க?"

பணியில் சேர்ந்த புதிதில் இதே கேள்வி வந்தபோது, "செயற்கைக்கோள் எடுத்தது" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போயிருக்கிறேன். ஒரு முறை அல்ல, பல ஆண்டுகள். அது தவறான விடை. 1977இல் பூமியை விட்டுக் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் இத்தனை ஆண்டுகளில் கடந்திருக்கும் தூரம் ஏறக்குறைய ஒரு ஒளிநாள்தான். பால்வெளியின் குறுக்களவோ சுமார் ஒரு லட்சம் ஒளியாண்டுகள். அதன் முழு உருவமும் தெரியும்படி மேலே போய் நின்று படமெடுக்க, பல பத்தாயிரம் ஒளியாண்டுகள் பயணம் செய்ய வேண்டும். மனிதர் செய்த எந்தக் கருவியும் அங்கே போனதில்லை.

நாம் பார்க்கும் அந்தப் படம் ஓர் ஓவியம். நாசாவின் ஸ்பிட்சர் தொலைநோக்கித் தரவுகளையும் வேறு பல அளவீடுகளையும் வைத்து, 2008இல் வானியலாளர் ராபர்ட் பெஞ்சமினின் துணையோடு ஓவியர் ராபர்ட் ஹர்ட் வரைந்தது. கற்பனையில் வரைந்ததும் அல்ல. அதில் உள்ள ஒவ்வொரு கரத்துக்குப் பின்னாலும் பல பத்தாண்டு உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்பின் கதையை நாம் தெரிந்துகொண்டால், மாணவியின் கேள்விக்கு நேர்மையாக விடை சொல்ல முடியும். எனக்கு அதைத் தேடிப் படிக்கச் சில வாரங்கள் ஆயின. படித்ததைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வரிசையில் நின்றுகொண்டே வரைவது

முதலில் ஒரு செயல்பாடு. காலை இறைவணக்கக் கூட்டம் முடிந்ததும், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் தாளும் பென்சிலும் கொடுத்தேன். "நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது. இந்தக் கூட்டம் மாடியிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ, அப்படி வரையுங்கள்" என்றேன். வரைந்து முடித்த பிறகு நான்கு நான்கு பேராக மாடி வராந்தாவுக்கு அழைத்துப் போய் ஒப்பிட்டுப் பார்க்கச் செய்தேன்.

பக்கத்து வரிசைகள் எல்லாத் தாளிலும் ஓரளவு சரியாக இருந்தன. உயரமான அண்ணன்களுக்குப் பின்னால் நின்ற வரிசைகள் பல தாள்களில் காணவே இல்லை. இன்னொன்றையும் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். பெரும்பாலோர் தம்மைக் கூட்டத்தின் நடுவில் வரைந்திருந்தார்கள்.

1785இல் வில்லியம் ஹெர்ஷலுக்கும் இதேதான் நடந்தது. தொலைநோக்கியை வானத்தின் ஒவ்வொரு திசைக்கும் திருப்பி, எத்தனை விண்மீன்கள் தெரிகின்றன என்று எண்ணினார். எண்ணிக்கை கூடினால் அந்தத் திசையில் மண்டலம் நீள்கிறது என்று கொண்டு ஒரு படம் வரைந்தார். தட்டையான வடிவம் கிடைத்தது; அது சரி. ஆனால் சூரியன் ஏறக்குறைய நடுவில் வந்துவிட்டது. காரணம் விண்தூசி. விண்மீன்களுக்கு இடையே பரவிக் கிடக்கும் நுண்தூசி, தொலைவில் உள்ள விண்மீன்களின் ஒளியை மறைத்துவிடுகிறது. மூடுபனியில் நிற்பவருக்கு எல்லாப் பக்கமும் ஒரே தூரம் வரைதான் தெரியும். தானே நடுவில் நிற்பதாகத் தோன்றும்.

1918 வாக்கில் அமெரிக்க வானியலாளர் ஹார்லோ ஷாப்லி, பால்வெளித் தட்டுக்கு மேலும் கீழும் பரவியிருக்கும் கோள வடிவ விண்மீன் கொத்துகளின் இருப்பிடங்களைக் கணக்கிட்டார். அவை நம்மைச் சுற்றி அமையவில்லை. தனுசு விண்மீன் குழுவின் திசையில் வெகுதொலைவில் உள்ள ஒரு புள்ளியைச் சுற்றி அமைந்திருந்தன. அதுதான் மண்டலத்தின் மையம். 1930இல் ராபர்ட் டிரம்ப்ளர் விண்தூசி ஒளியை மறைப்பதை அளந்து உறுதிசெய்தார். இன்றைய கணக்கில் நாம் மையத்திலிருந்து சுமார் 26,700 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறோம்.

1951: இரண்டு கதவுகள்

மண்டலத்துக்குச் சுருள் கரங்கள் உண்டு என்பதற்கான நேரடிச் சான்று 1951இல்தான் கிடைத்தது. அதுவும் இரண்டு வழிகளில்.

முதல் வழி, நீல நிறப் பெருவிண்மீன்கள். இவை மிகுந்த வெப்பமும் ஒளியும் உடையவை; விரைவில் எரிந்து தீர்ந்துபோகும். ஆகவே பிறந்த இடத்தை விட்டு அதிகம் நகர நேரமிருக்காது. விண்மீன்கள் பிறக்கும் இடம் சுருள் கரங்கள் என்பதால், இந்த நீல விண்மீன்கள் இருக்கும் இடமே கரம் இருக்கும் இடம். அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகத்தைச் சேர்ந்த வில்லியம் மார்கன், ஷார்ப்லெஸ், ஆஸ்டர்பிராக் ஆகிய இரு இளம் ஆய்வாளர்களோடு சேர்ந்து இப்படி நமக்கு அருகில் உள்ள கரங்களின் துண்டுகளை வரைந்தார். 1951 டிசம்பரில் கிளீவ்லாந்தில் நடந்த கூட்டத்தில் அந்தப் படத்தைக் காட்டியபோது அரங்கில் பலத்த கைதட்டல் எழுந்தது. ஆனாலும் தூசி இருக்கும் வரை, கண்ணுக்குத் தெரியும் ஒளியை வைத்து நெடுந்தூரம் போக முடியாது.

இரண்டாவது வழி, தூசியை ஊடுருவும் ரேடியோ அலை. நம் கூட்டச் செயல்பாட்டில் இதற்கும் ஒரு சுற்று வைத்தேன். எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ள, ஒவ்வொரு வரிசையின் முதல் பிள்ளையும் கடைசிப் பிள்ளையும் "உள்ளேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். உயரமான பிள்ளைகள் மறைத்த வரிசையும் இப்போது காதில் விழுந்துவிட்டது.

பால்வெளியில் அப்படிக் குரல் கொடுப்பது ஹைட்ரஜன். ஹைட்ரஜன் அணுவில் ஒரு புரோட்டான், ஒரு எலக்ட்ரான். இரண்டுக்கும் தற்சுழற்சி என்ற பண்பு உண்டு. இரண்டின் சுழற்சியும் ஒரே திசையில் இருக்கும் நிலையில் ஆற்றல் சற்றுக் கூடுதல். எதிரெதிரே இருந்தால் சற்றுக் குறைவு. முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு அணு மாறும்போது 21 செ.மீ. அலைநீளமுள்ள ரேடியோ அலை வெளிப்படுகிறது. அதன் அதிர்வெண் சுமார் 1420.4 மெகாஹெர்ட்ஸ். தனித்து விடப்பட்ட ஓர் அணுவில் இது தானாக நிகழச் சராசரியாக ஒரு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆனால் விண்வெளியில் ஹைட்ரஜன் அணுக்கள் எண்ணிலடங்காதவை என்பதால், எந்நேரமும் எங்கோ சில அணுக்கள் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன.

இப்படி ஓர் அலை வர வேண்டும் என்று 1944இல் கணித்துச் சொன்னவர் நெதர்லாந்து மாணவர் வான் டி ஹுல்ஸ்ட். அப்போது அவருடைய நாடு ஜெர்மானியப் படைகளின் பிடியில் இருந்தது. அந்த அலையை முதலில் பதிவு செய்தவர்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹெரால்டு யூவெனும் எட்வர்ட் பர்செலும். நாள் 1951 மார்ச் 25. அவர்களின் கருவி, ஒட்டுப்பலகையில் செய்து உட்புறம் செம்புத் தகடு பதித்த ஒரு கொம்பு வடிவ ஏற்பி. அதை ஆய்வகச் சன்னலுக்கு வெளியே நீட்டி வைத்திருந்தார்கள். குளிர்காலத்தில் வழியே போன மாணவர்கள் அதற்குள் பனி உருண்டைகளை எறிந்து விளையாடியதாகச் சொல்வார்கள். சில வாரங்களில் நெதர்லாந்துக் குழுவும், பின்னர் ஆஸ்திரேலியக் குழுவும் அதே அலையைப் பதிவு செய்தன.

குரலிலிருந்து தூரம்

வாயு எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எப்படி அறிவது? இங்கே பத்தாம் வகுப்பு ஒலியியல் பாடத்தின் டாப்ளர் விளைவு கைகொடுக்கிறது. நம்மை விட்டு விலகும் வாயுவின் அதிர்வெண் சற்றுக் குறையும்; நெருங்கும் வாயுவின் அதிர்வெண் சற்றுக் கூடும். விநாடிக்கு 100 கி.மீ. வேகத்தில் விலகினால் 1420.4 மெகாஹெர்ட்ஸில் சுமார் 0.47 குறையும். ஆக, அதிர்வெண்ணை அளந்தால் வேகம் தெரியும். வேகத்திலிருந்து தூரத்துக்குப் போக, மண்டலம் சுழலும் முறை தெரிய வேண்டும்.

இதை மைதானத்தில் காட்டலாம். சுண்ணாம்பால் மூன்று வட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையை ஒரே வேகத்தில் ஓடச் சொல்லுங்கள். உள்வட்டப் பிள்ளை சீக்கிரம் சுற்றி வந்துவிடும். வெளிவட்டப் பிள்ளை பின்தங்கும். பால்வெளியும் ஏறக்குறைய இப்படித்தான். சூரியன் விநாடிக்குச் சுமார் 236 கி.மீ. வேகத்தில் ஓடி, ஒரு சுற்றை முடிக்க 20 கோடி ஆண்டுகளுக்கும் மேல் எடுத்துக்கொள்கிறது. வெளியே உள்ள வாயுவும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் ஓடுகிறது. ஆனால் அதன் வட்டம் பெரியது, ஆகவே பின்தங்குகிறது. நடுவட்டப் பிள்ளை தன் பார்வையில் மற்ற இருவரும் எப்போது நெருங்குகிறார்கள், எப்போது விலகுகிறார்கள் என்று சொல்லட்டும். நாம் செய்வதும் அதுவே.

இங்கே ஒரு வியப்பு. தொலைவில் இருந்தாலும், சூரியனுக்கு வெளியே உள்ள பகுதியை வரைவது ஒரு வகையில் எளிது. மண்டலத்தின் உட்பக்கம் பார்த்தால், நம் பார்வைக் கோடு ஒரே உள்வட்டத்தை இரண்டு இடங்களில் வெட்டும்: அருகே ஓரிடம், அப்பால் ஓரிடம். இரண்டிலும் வாயு ஒரே வேகத்தைக் காட்டும். அருகில் உள்ளதா, தொலைவில் உள்ளதா என்ற குழப்பம் தீராது. சூரியனின் வட்டத்துக்கு வெளியே உள்ள பகுதியில் ஒவ்வொரு பெரிய வட்டத்தையும் பார்வைக் கோடு ஒரே ஒரு முறைதான் வெட்டும். ஒரு வேகத்துக்கு ஒரே தூரம். கரும்பலகையில் வட்டங்களும் ஒரு நேர்க்கோடும் வரைந்தால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆனால் மையத்தின் திசையிலும் அதற்கு நேர் எதிர்த்திசையிலும் இந்த முறை செல்லாது. அங்கே வாயு நம் பார்வைக்குக் குறுக்காக ஓடுகிறது. நெருங்குவதும் இல்லை, விலகுவதும் இல்லை. நெதர்லாந்து, ஆஸ்திரேலியத் தரவுகளைச் சேர்த்து ஓர்ட், கெர், வெஸ்டர்ஹவுட் ஆகியோர் 1958இல் வெளியிட்ட ஹைட்ரஜன் வரைபடத்தில் அந்த இரு திசைகளிலும் ஆப்பு வடிவ வெற்றிடம் இருப்பது இதனால்தான். தெரியாத இடத்தை அவர்கள் காலியாகவே விட்டுவைத்தார்கள்.

வேகக் கணக்கு ஏமாற்றிய இடம்

எல்லா வாயுவும் சீரான வட்டத்தில் ஓடுகிறது என்ற எண்ணத்தின் மேல்தான் இந்தக் கணக்கு நிற்கிறது. அது பிசகினால் தூரமும் பிசகும். நமக்கு அடுத்து வெளியே உள்ளது பெர்சியஸ் கரம். அதில் டபிள்யூ3ஓஎச் என்ற விண்மீன் பிறப்பிடம் உண்டு. வேகக் கணக்கு அதை 13,000 ஒளியாண்டுகளுக்கும் அப்பால் வைத்தது. அங்குள்ள விண்மீன்களின் ஒளியைக் கொண்டு கணித்தவர்களோ அதில் பாதி தூரம்தான் என்றார்கள். இந்த வழக்கு நெடுங்காலம் தீராமல் கிடந்தது.

2006இல் தீர்ப்பு வந்தது. சீன, அமெரிக்க, ஜெர்மானிய ஆய்வாளர்கள் அதன் தூரத்தை இடமாறு தோற்ற முறையில் அளந்தார்கள். கட்டை விரலை நீட்டி, ஒரு கண்ணை மூடி மூடித் திறந்தால் விரல் இடம் மாறித் தெரியுமே, அதே முறைதான். இரண்டு கண்களுக்குப் பதில், சூரியனைச் சுற்றும் பூமி ஆறு மாத இடைவெளியில் இருக்கும் இரண்டு இடங்கள். ஹவாய்த் தீவு முதல் கரீபியன் கடலின் செயின்ட் குரோய் தீவு வரை பரவியிருக்கும் 25 மீட்டர் அகலமுள்ள 10 ரேடியோ தொலைநோக்கிகளை ஒன்றாக இயக்கி, அந்த வாயு மேகத்தில் மெத்தனால் மூலக்கூறுகள் வெளியிடும் கூர்மையான ரேடியோ ஒளிர்வைக் குறிவைத்தார்கள். கிடைத்த கோணம் ஒரு பாகையின் 70 லட்சத்தில் ஒரு பங்கு. சென்னையில் நின்றுகொண்டு, மதுரையில் ஒரு பொருள் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்ததைக் கண்டுபிடிப்பதற்குச் சமம். தூரம் சுமார் 6,400 ஒளியாண்டுகள் என்று வந்தது. வேகக் கணக்கு தூரத்தை இரண்டு மடங்காக்கிக் காட்டியிருந்தது. அந்த மேகம் சீரான வட்டத்திலிருந்து விலகி ஓடுவதே காரணம்.

இதன் பிறகு இடமாறு தோற்ற முறையில் இடங்களை ஒவ்வொன்றாக அளக்கும் பெரும்பணி நடந்தது. 2019இல் மார்க் ரீட் குழுவினர் சுமார் 200 இடங்களின் தூரங்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். நான்கு பெரிய கரங்கள் உண்டு என்ற கருத்துக்கு அது வலுச் சேர்த்தது. நம் சூரியன் இருக்கும் உள்ளூர்க் கரம் சிறு கிளை என்று கருதப்பட்டு வந்தது. அது எதிர்பார்த்ததைவிட நீளமானது என்பதும் தெரிந்தது.

அப்பளத்தின் ஓரத்தில் ஒளிந்திருந்த கரம்

பெர்சியஸ் கரத்துக்கு அப்பால் ‘வெளிக்கரம்’ என்றே பெயர் பெற்ற கரம் இருக்கிறது. அதற்கும் அப்பால் ஒன்று இருப்பது 2011இல் தெரியவந்தது. டாம் டேம், பேட்ரிக் தடியஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், முன்பே எடுத்து வைக்கப்பட்டிருந்த ஹைட்ரஜன் தரவுகளைப் புதிதாகப் பார்த்தபோது மையத்திலிருந்து சுமார் 49,000 ஒளியாண்டு தொலைவில் ஒரு கரத்தின் தடம் தெரிந்தது. உடனே 1.2 மீட்டர் அகலமே உள்ள ஒரு சிறிய ரேடியோ தொலைநோக்கியைத் திருப்பி, அதே இடங்களில் கார்பன் மோனாக்சைடு வாயு மேகங்கள் இருப்பதை உறுதிசெய்தார்கள். மறுபக்கம் இருந்து மையத்தைச் சுற்றி நீண்டு வரும் ஸ்கூட்டம்–சென்டாரஸ் கரத்தின் வால்பகுதி இது என்பது அவர்கள் கருத்து. 2015இல் சீனாவின் டெலிங்கா தொலைநோக்கியைக் கொண்டு ஆராய்ந்தவர்கள் அது இன்னும் நீள்வதற்கான தடயங்களைக் கண்டார்கள்.

தரவு கையில் இருந்தும் இத்தனை காலம் ஏன் தெரியவில்லை? பால்வெளித் தட்டு முழுக்கத் தட்டையானது அல்ல. எண்ணெயில் போட்ட அப்பளம் ஒரு பக்கம் மேலே எழும்பி, எதிர்ப்பக்கம் கீழே வளையுமே, அப்படி அதன் ஓரம் வளைந்திருக்கிறது. இது 1957லேயே ஹைட்ரஜன் ஆய்வில் தெரிந்த செய்தி. 2019இல் சிலி நாட்டுத் தொலைநோக்கியின் உதவியோடு போலந்து ஆய்வாளர்கள் 2,400க்கும் மேற்பட்ட செபீட் விண்மீன்களின் தூரங்களைக் கணித்து அந்த வளைவை முப்பரிமாணத்தில் வரைந்து காட்டினார்கள். புதிய கரம் வளைந்து எழும்பிய பகுதியில் இருக்கிறது. தட்டின் நடுக்கோட்டை ஒட்டியே தேடியவர்களின் பார்வையில் அது படவில்லை.

2017இல் இன்னொரு படி. மையத்துக்கு அப்பால், மண்டலத்தின் மறுகரையில் உள்ள ஒரு விண்மீன் பிறப்பிடத்தின் தூரத்தை இடமாறு தோற்ற முறையில் அளந்தார்கள்: சுமார் 66,500 ஒளியாண்டுகள். ஆனாலும் மறுகரையில் இப்படி அளந்த இடங்கள் மிகச் சில. 2013இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் கையா விண்கலம் 180 கோடி விண்மீன்களைப் பதிவு செய்து 2025இல் ஆய்வுப் பணியை முடித்துக்கொண்டது. ஆனால் அது காண்பது கண்ணுக்குத் தெரியும் ஒளியை. தூசி அதையும் மறைக்கும். ஆகவே நம் சுவரில் உள்ள படத்தில் சூரியன் பக்கம் இருக்கும் கரங்களை நம்பிக்கையோடு காட்டலாம். மையத்துக்குப் பின்னால் உள்ளவை பெரும்பாலும் நீட்டி வரைந்தவை.

வகுப்பறைக்கு

மார்கழி, தை மாத முன்னிரவில் மிருகசீரிடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது, நாம் மண்டலத்தின் வெளிப்பக்கம் பார்க்கிறோம் என்று சொல்லலாம். அப்போது பால்வெளி மங்கலாகத் தெரியும். அந்தப் பக்கம் விண்மீன்கள் குறைவு. அதே நேரம் வடக்கே பெர்சியஸ், காசியோபியா குழுக்களுக்கு இடையே, விளக்கு வெளிச்சம் இல்லாத ஊரில் வெறுங்கண்ணுக்கே ஒரு மங்கலான புள்ளி தெரியும். அது இரட்டை விண்மீன் கொத்து; சுமார் 7,500 ஒளியாண்டு தொலைவில், பெர்சியஸ் கரத்தில் இருக்கிறது. ஆடி மாத இரவில் தெற்கே விருச்சிகத்தையும் தனுசையும் பார்த்தால் மையத்தின் பக்கம் பார்க்கிறோம்; பால்வெளி அங்கே அடர்த்தியாக இருக்கும். இதற்குத் தொலைநோக்கி தேவையில்லை.

கேள்வி கேட்ட மாணவிக்கு மறுநாள் விடை சொன்னேன். "இது போட்டோ இல்லம்மா, உள்ளே இருந்துகொண்டே வரைந்த படம். முன்பெல்லாம் நானே தவறாகச் சொல்லியிருக்கிறேன்" என்றேன். வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாக இருந்தது. பிறகு அவளே அடுத்த கேள்வியைக் கேட்டாள்: "அப்போ எது அளந்தது, எது அளக்காததுன்னு படத்துல எப்படித் தெரியும் டீச்சர்?"

இப்போது எங்கள் வகுப்பில் அந்தப் படத்தின் பக்கத்தில் பிள்ளைகள் வரைந்த இன்னொரு படம் இருக்கிறது. அளந்த பகுதிகள் முழுக்கோட்டில், ஊகித்து நீட்டியவை புள்ளிக்கோட்டில், ஒன்றும் தெரியாத இடம் வெள்ளையாக. கீழே அவர்கள் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறார்கள்: ‘இது புகைப்படம் அல்ல. வரைபடம். இன்னும் வரைந்து முடியவில்லை.’